குழாய்க்குள் பெய்யும் பனி



மார்கழி பிறப்பதற்கு முன்பே மத்தூர்ப் பகுதியில் பனி இறங்கத் தொடங்கிவிடுகிறது. காலைத் திருப்பலிக்கு மணி அடிக்கும் நேரத்தில் மாந்தோப்புகள் வெண்புகை போர்த்தினாற்போல் நிற்கின்றன. சாலையோரப் புளியமரங்களினின்று நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. சென்ற திருவருகைக் காலத்தில் அத்தகைய ஒரு காலையில், பூசை முடிந்து எல்லாரும் சென்றபின், ஒரு தாய் மட்டும் தூணருகே காத்திருந்தார். அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். நம் பகுதித் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி வழியாக ஓசூர்த் தொழிற்பேட்டைக்குச் சென்று, வேலை முடிந்தபின் திரும்ப அழைத்து வருவது அவர் பணி.

“சாமி, நீங்கதான் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும். டாக்டர் குடுத்த மூச்சு மெஷினை அவர் பீரோ மேல தூக்கி வெச்சுட்டார். ராத்திரி ரெண்டு மணிக்குக் குழாய்க்குள்ள தண்ணி களகளன்னு சத்தம் போடுது. மூக்குல வந்து சொட்டுது. தூக்கத்துலயே மூச்சு முட்டிப் போயிடுவேன்னு பயப்படறார். மெஷின் இல்லாம பழையபடி குறட்டை. பழையபடி மூச்சு நின்னு நின்னு வருது. நான் ராத்திரி பூரா உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணிக்கிட்டிருக்கேன்.”

இதைக் கேட்டபோது நம் மனம் குன்றியது. அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் மறையுரையின் நடுவே இதே மனிதர் தலை சாய்ந்து குறட்டை விட்டார். கெத்சமனித் தோட்டத்தில் உறங்கிய சீடர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள் என்று நாம் பீடத்தினின்று வேடிக்கையாகச் சொன்னோம். கோவில் முழுவதும் சிரித்தது. அடுத்த பல ஞாயிறுகள் அவர் உள்ளே வராமல் வெளியே மரநிழலில் நின்றே பூசை கண்டார். அவருடைய உறக்கம் சோம்பலால் வந்ததன்று, நோயால் வந்தது என்பதை அப்போது நாம் அறியவில்லை. அறியாமற் செய்த பிழைக்கும் பரிகாரம் செய்ய வேண்டுமன்றோ? அன்று மாலையே அவர் இல்லம் சென்றோம். அங்கே கண்டதையும், பின்னர் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்ததையும், இத்தகைய கருவி வந்து சேர்ந்திருக்கும் பிற குடும்பங்களின் நன்மைக்காக இங்கே எழுதுகிறோம்.

நோயும் கருவியும்

உறங்கும்போது நம் உடலின் தசைகள் யாவும் தளர்கின்றன. சிலருக்குத் தொண்டைத் தசைகள் அளவுக்கு மீறித் தளர்ந்து, நாக்கும் பின்னே சரிந்து, மூச்சு செல்லும் வழியை அடைத்துவிடும். பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை அபாயம் உணர்ந்து உடலை உலுக்கும், பெருமூச்சோடு வழி திறக்கும், மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. மூச்சு நிற்பதும் மிகவும் குறைவதுமாக ஒரு மணி நேரத்தில் 5 முறைக்கு மேல் நிகழ்ந்தால் அதை நோயாகக் கருதுகின்றனர். 30 முறையும் அதற்கு மேலும் நிகழ்ந்தால் கடுமையான நோய் என்கின்றனர். நோயாளிக்கோ இது ஒன்றும் நினைவில் இராது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் ஏன் பகலெல்லாம் கண் சொக்குகிறது என்று அவரே வியப்பார். இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றுக்கும் இது துணை போகிறது. வாகனம் ஓட்டுபவருக்கு வந்தாலோ, அவர் பின்னால் அமர்ந்திருப்போர் அனைவர் உயிரும் அந்தச் சொக்கும் கண்களைப் பொறுத்தவை ஆகின்றன.

முன்னாளில் இந்நோய் முற்றியவர்களுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதே வழியாக இருந்தது. 1980-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் எளிய வேறொரு வழியைக் கண்டார். மூக்கின் வழியாக இடைவிடாமல் இலேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், அந்தக் காற்றே தொண்டைச் சுவர்களைத் தாங்கித் திறந்து வைக்கும் என்பது அவர் கருத்து. அவரும் உடன் உழைத்தவர்களும் ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதன் வழிவந்ததே இன்று ‘சீபேப்’ என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் கருவி. ஒரு சிறு காற்றாடி, ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள நெளிகுழாய், மூக்கில் பொருந்தும் மாஸ்க், இவ்வளவே. இடைவிடாது வீசும் காற்று மூக்கையும் தொண்டையையும் உலர்த்திப் புண்ணாக்காதிருக்க, காற்று செல்லும் வழியில் ஒரு தண்ணீர்ப் பெட்டியும் உண்டு. கருவி அந்தத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, ஆவியைக் காற்றோடு கலந்து அனுப்புகிறது. நம் ஓட்டுநரை அச்சுறுத்திய நீர் இங்கிருந்துதான் வந்தது.

பனி எங்கிருந்து வருகிறது?

“உங்கள் பேருந்தின் முன்கண்ணாடியில் விடியற்காலை ஏன் நீர் படிகிறது?” என்று அவரைக் கேட்டோம்.

“உள்ளே நாற்பது பேர் மூச்சு விடறாங்க சாமி. வெளியே குளிரு. கண்ணாடி சில்லுன்னு இருக்கு. அதுல போய் படியுது.”

“உங்கள் குழாயிலும் அதுவேதான் நடக்கிறது.”

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து சென்று பீரோவின் மேலிருந்த கருவியை எடுத்து வந்தார்.

வெதுவெதுப்பான காற்று நிறைய ஆவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு தாங்க முடியாது. 30 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் தாங்கும். 15 பாகையில் 13 கிராம். மிஞ்சிய ஆவி நீராகிச் சுவரில் படியும். சோற்றுப் பானையின் மூடியில் திரளும் துளிகளும், இரவில் புல்நுனியில் இறங்கும் பனியும், மார்கழியில் இக்குழாய்க்குள் ஓடும் நீரும் ஒரே விதிக்கு உட்பட்டவை.

அளவையும் சற்று எண்ணிப் பார்ப்போம். கருவியினின்று நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்று செல்வதாகக் கொண்டால், ஏழு மணி நேரத்தில் 12 கன மீட்டருக்கு மேல் ஆகிறது. ஒரு கன மீட்டருக்கு 3 கிராம் ஆவி மட்டுமே வழியில் நீரானாலும், விடிவதற்குள் 35 மில்லிக்கு மேல் சேர்ந்துவிடும். மூழ்கடிக்கும் வெள்ளம் அன்று அது. ஆனால் உறங்குபவனை எழுப்பி அச்சுறுத்தப் போதுமானது. மேலும் குழாயின் வளைவில் நீர் தேங்கி நின்றால் காற்றின் ஓட்டம் தடைபடும். தானே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் வகைக் கருவியாயின், அதன் கணக்கும் பிசகக்கூடும்.

ஓர் அறையில் நான்கு பிழைகள்

அவர் உறங்கும் அறையைப் பார்த்தோம். கான்கிரீட் கூரை, பகலில் வாங்கிய வெப்பத்தை இழந்து விடியற்காலையில் சில்லென்று ஆகிவிடும் அறை. கட்டிலுக்கு மேலே சுவர்ப்பலகையில் கருவியை வைத்திருந்தார்கள். ஆகவே குழாயில் படிந்த நீர் யாவும் கீழே இருந்த முகத்தை நோக்கியே ஓடியிருக்கிறது. கொசுவுக்கு அஞ்சி மின்விசிறி முழு வேகத்தில் சுழன்று வெற்றுக் குழாயைக் குளிர்வித்திருக்கிறது. கட்டிலை ஒட்டிய சன்னல் பாதி திறந்திருந்தது. மூக்கு உலர்கிறதென்று ஈரப்பத அளவையும் உச்சத்தில் வைத்திருந்தார்கள். நான்கும் ஒன்று சேர்ந்தால் குழாயில் நீர் சேராமல் என்ன செய்யும்?

ஆகவே காசு செலவில்லாத வழிகளை முதலில் செய்தோம். அவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, கருவியின் இடம். உறங்குபவரின் தலைமட்டத்துக்குக் கீழே கருவி இருக்க வேண்டும். கட்டிலைவிடத் தாழ்ந்த முக்காலியே போதும். அப்போது குழாயில் நீர் படிந்தாலும் முகத்துக்கு வராமல் பெட்டிக்கே திரும்பும். பாயில் படுப்பவர்கள் தலைப்பக்கம் மெத்தையை உயர்த்திக்கொண்டு, கருவியைத் தரையில் ஒரு சிறு பலகையின்மேல் வைக்கலாம். வெறுந்தரையில் வைத்தால் தூசியை உள்ளிழுக்கும். குழாய் கட்டிலின் ஓரத்தில் ஊஞ்சல்போல் தொங்கி வளைந்திருக்கலாகாது. அந்த வளைவே நீர் தேங்கும் குட்டை.

இரண்டாவது, குளிர்காற்று. விசிறியும் சன்னலும் குழாயின்மேல் வீசாதபடி செய்ய வேண்டும். கட்டிலை எதிர்ச்சுவரை ஒட்டி நகர்த்தினோம். கொசுவுக்கு வலை கட்டச் சொன்னோம். குளிர்சாதனம் உள்ள வீடுகளில் அதன் குளிரை இரண்டு மூன்று பாகை குறைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

மூன்றாவது, ஈரப்பத அளவு. ஒரே நாளில் அடியோடு குறைத்தால் மூக்கு வறண்டு, அதுவே கருவியை ஒதுக்க மற்றொரு காரணமாகிவிடும். ஓர் இரவுக்கு ஒரு படி குறைத்து, நீர்த்துளியும் இல்லாமல் மூக்கும் உலராமல் இருக்கும் நிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றை மறவாதீர்கள். ஈரப்பத அளவு நோயாளியின் வசதிக்காக அமைந்தது; வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். காற்றின் அழுத்தமோ மருத்துவர் சோதித்து விதித்தது. அதைத் தொடக் கூடாது.

நான்காவது, குழாய்க்குப் போர்வை. இதற்கெனத் தைத்த உறைகள் கடைகளில் கிடைக்கின்றன. அந்தத் தாயோ தம் பழைய கம்பளிச் சால்வையை நீளவாக்கில் வெட்டி, குழாயின் பருமனுக்கு ஒரு நீண்ட பைபோல் தைத்துவிட்டார். உறை குழாயை மட்டுமே மூட வேண்டும். மாஸ்க்கில் உள்ள சிறு துளைகள் நாம் விடும் அசுத்தக் காற்று வெளியேறும் வழி. அவற்றை எதைக்கொண்டும் மறைக்கலாகாது. கருவி காற்றை இழுக்கும் பக்கத்தின்மேலும் துணி விழக் கூடாது. உறை இல்லாதவர்கள் குழாயைப் போர்வைக்குள் தம்மோடு சேர்த்து வைத்துக்கொண்டாலும் உடற்சூட்டில் குழாய் குளிராமல் இருக்கும்.

இவற்றால் தீராவிட்டால் ஐந்தாவது வழி ஒன்று உண்டு. உள்ளே மெல்லிய மின்கம்பி சுற்றி, கருவி முதல் மாஸ்க் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும் சூடேற்றும் குழாய் விற்கிறார்கள். விலை சற்று மிகுதி. எல்லாக் கருவிக்கும் எல்லாக் குழாயும் பொருந்தாது. ஆதலால் கருவியின் மாதிரியைச் சொல்லிக் கேட்டே வாங்க வேண்டும்.

நள்ளிரவில் களகள ஓசை கேட்டால் அஞ்ச வேண்டாம். எழுந்து உட்கார்ந்து, கருவியை நிறுத்தி, மாஸ்க்கைக் கழற்றி, குழாயைக் கருவியினின்று பிரித்து ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டு மீண்டும் பொருத்திக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. தண்ணீர்ப் பெட்டி நிறைந்திருக்கும்போது கருவியைச் சாய்த்துத் தூக்கினால் நீர் மின்பாகங்களுக்குள் புகும். அவ்வாறு புகுந்துவிட்டால் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பழுது பார்ப்பவரிடம் காட்டும்வரை இயக்கக் கூடாது.

தண்ணீரும் தூய்மையும்

பெட்டியில் எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்றும் அந்தத் தாய் கேட்டார். நம் மாவட்டத்தில் இது கேட்க வேண்டிய கேள்வியே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உப்பு மிகுந்திருப்பதை முன்னிட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆழ்குழாய்க் கிணற்று நீரை இப்பெட்டியில் ஊற்றினால், நீர் ஆவியாகிப்போக உப்பு மட்டும் வெள்ளை வெள்ளையாய்ப் படியும். காய்ச்சி ஆறவைத்தால் கிருமி சாகுமேயன்றி உப்பு போகாது. ஆகவே மருந்துக்கடையில் கிடைக்கும் வாலை வடிநீரே ஏற்றது. வண்டி பேட்டரிக்கென விற்கும் நீர் மூச்சுக்காகத் தூய்மை செய்யப்பட்டதன்று. அதைப் பயன்படுத்த வேண்டாம். பெட்டியில் குறித்திருக்கும் கோட்டுக்கு மேலும் ஊற்றலாகாது.

குழாயில் நீர் தேங்குவது தூக்கத்தை மட்டும் கெடுப்பதன்று. ஈரமாகவே விட்டுவைத்த குழாயில் பூஞ்சையும் கிருமியும் வளரும். ஆகவே காலையில் எழுந்தவுடன் பெட்டியில் மிஞ்சிய நீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். குழாயைக் கழற்றிக் கொடியில் இரு முனையும் கீழே தொங்கும்படி போடுங்கள். நேர் வெயில் வேண்டாம், நிழற்காற்று போதும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் மெல்லிய சோப்புக் கரைசலால் அலசி, நன்றாக உலர்த்துங்கள். கொதிநீரும் பிளீச்சிங் பவுடரும் வாசனைத் திரவியமும் கூடா. தைத்த உறையையும் அவ்வப்போது துவைக்க வேண்டும். விடாத இருமலோ காய்ச்சலோ கண்டால் மருத்துவரிடம் கருவியைப் பற்றியும் சொல்லுங்கள்.

ஒரே அளவு எந்நாளும் பொருந்தாது

நம் பகுதியில் ஷிப்டு முறையில் உழைப்போர் பலர். ஒரு வாரம் இரவில் உறங்குவர்; மறுவாரம் பகலில் உறங்குவர். நள்ளிரவுக் குளிரில் நீர் சொட்டிய அதே அளவு, பகல் உறக்கத்தில் ஒரு துளியும் உண்டாக்காமல் போகலாம். மாம்பழம் பழுக்கும் சித்திரை வைகாசியில் இத்தொல்லையே இராது. மத்தூரில் சரியாக இருந்த அளவு, ஓசூரில் அறை எடுத்துத் தங்கும் மகனுக்கு ஒத்துவராது. அது மேட்டு நிலம், இரவுக் குளிர் மிகுதி. ஐப்பசி கார்த்திகை மழைநாட்களில் காற்றே ஈரமாயிருப்பதால் கருவி தரும் ஈரம் குறைவாக இருந்தாலே போதும். ஆதலால் பருவம் மாறும்போதும் ஷிப்டு மாறும்போதும் இரண்டு இரவுகள் கவனித்து அளவைத் திருத்திக்கொள்வது நன்று.

நம் ஓட்டுநர் வீட்டிலும் ஒரே இரவில் யாவும் சரியாகிவிடவில்லை. கருவியைக் கீழே இறக்கிய முதல் இரவில் முகத்தில் நீர் சொட்டவில்லை. ஆனால் குழாயில் ஓசை நிற்கவில்லை. கட்டிலை நகர்த்தி, அளவை இரண்டு படி குறைத்தபின் ஓசை விடியற்காலையில் மட்டும் கேட்டது. கம்பளி உறை மாட்டிய பிறகே அதுவும் நின்றது. இடையில் ஒருநாள் அவர் மீண்டும் கருவியைப் பீரோவின் மேல் வைக்கப் போனார். பள்ளியில் படிக்கும் மகள் தடுத்து, “இன்னும் ஒரு ராத்திரி பாருங்கப்பா” என்றாளாம். அந்த ஒரு வார்த்தைக்காக அவளை நாம் வாழ்த்துகிறோம்.

குடும்பத்தின் பங்கு

நீதித் தலைவர்கள் நூலில் கிதியோன் ஆட்டுக் கம்பளியைக் களத்தில் விரித்துப் பனியைக்கொண்டு இறைவனிடம் அடையாளம் கேட்டதை நீங்கள் அறிவீர்கள். ஓர் இரவு கம்பளி நனைந்தது, தரை உலர்ந்திருந்தது. மறு இரவு தரை நனைந்தது, கம்பளி உலர்ந்திருந்தது. ஐயமும் அச்சமும் கொண்ட ஒருவனிடம் இறைவன் கோபம் கொள்ளாமல், இரண்டு இரவுகள் பொறுமையாகக் காத்திருந்து அவனுக்குத் தெளிவு தந்தார். நோயால் களைத்து, கருவிக்கு அஞ்சி, ஊரார் சிரிப்புக்கும் நாணி நிற்கும் ஒருவரிடம் நாம் காட்ட வேண்டிய பொறுமையும் அத்தகையதே.

மாஸ்க் அணிந்த தந்தையைக் கண்டு பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். குறட்டை விடுபவரைப் பற்றித் திருமண வீட்டில் கதை சொல்லிச் சிரிக்க வேண்டாம். கோவிலில் கண் அயர்பவரைச் சோம்பேறி என்று எண்ண வேண்டாம். அந்தப் பிழையை நாமே செய்தோம். உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் உறக்கத்தில் மூச்சு நின்று வருமானால், அதை அவர் அறியார். பக்கத்தில் படுத்திருக்கும் நீங்கள்தாம் அறிவீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்து, சில துளி நீருக்காக அது மூலையில் கிடக்குமானால், இன்றே எடுத்துத் துடைத்துத் தாழ்ந்த முக்காலியில் வையுங்கள்.

கிறிஸ்து பிறப்புத் திருப்பலிக்கு அந்தக் குடும்பம் முழுவதும் வந்து முன்வரிசையில் அமர்ந்தது. நள்ளிரவையும் தாண்டி நீண்ட நம் மறையுரையை அவர் இறுதிவரை விழித்திருந்தே கேட்டார். அது மறையுரையின் சிறப்பு என்று சொல்லிக்கொள்ள நமக்கும் ஆசைதான்! பூசை முடிந்ததும் முன்னொரு நாள் பீடத்தினின்று சொன்ன வேடிக்கைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, “அதை விடுங்க சாமி” என்றார். பிறகு, காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றப் போகையில் இப்போது கண் எரிவதில்லை என்றார்.

அந்தத் தாயிடமும், “இரவில் இப்போதும் மூச்சை எண்ணுகிறீர்களா அம்மா?” என்று கேட்டோம்.

“இல்லீங்க சாமி. இப்ப நானும் தூங்கறேன்.”